பனிமலையில் ஐந்து மாதப் பிழைப்பு

நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாள்காட்டிகளில் ஆல்ப்ஸ் மலைப் படத்தைக் காணாதவர் நம்மில் இருக்கமாட்டார்கள். நீல வானம், வெள்ளைச் சிகரம், அடிவாரத்தில் மரவீடுகள், கால்களில் நீண்ட பலகையைக் கட்டிக்கொண்டு சறுக்கி வரும் மனிதர்கள். 'இதுவல்லவோ சொர்க்கம்!' என்று பெருமூச்சு விடுகிறோம். அந்தப் படத்தை அடுத்த முறை பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு வாசற்படியில் பனி இருக்காது. வழி சுத்தமாக இருக்கும். மலைச்சரிவு, சீப்பால் வாரிவிட்டது போல வரிவரியாக இருக்கும். இவை தாமாக நடப்பதில்லை. விடியுமுன் யாரோ எழுந்து செய்த வேலை அது. பால்மரம் வெட்டப் போகிற நேரத்துக்கு எழுந்து பழகிய நமக்கு, அந்த 'யாரோ' யார் என்று கேட்கும் உரிமை உண்டல்லவா?

ஐரோப்பாவின் நடுவே பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளைத் தழுவி நிற்கும் இம்மலைத் தொடரில் பனிச்சறுக்கு ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சொல்லப் புகுந்தால் ஏடு கொள்ளாது. ஆகவே சுவிட்சர்லாந்தின் செர்மாட் என்ற ஊரை மட்டும் எடுத்துக்கொள்வோம். நவம்பர் மாதக் கடைசியில், கையில் ஒரு பெட்டியோடு, அங்கே வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் போக முடியாது. செர்மாட்டுக்குள் பெட்ரோல் கார்களுக்கு அனுமதி இல்லை. ஐந்து கிலோமீட்டர் முன்னதாகவே, டாஷ் என்ற சிற்றூரில் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறவேண்டும். பன்னிரண்டு நிமிடப் பயணம். ஊருக்குள் ஓடுபவை மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டி வண்டிகளும் குதிரை வண்டிகளுமே. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். நம் கேமரன் மலையின் பிரிஞ்சாங் ஏறக்குறைய 1,500 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால், உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் குளிர் வேறு! ஜனவரி இரவுகளில் உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகை, சில வேளை அதற்கும் கீழே. ஊருக்கு மேலே, கூம்பு போலத் தனித்து நிற்கிறது மேட்டர்ஹார்ன் சிகரம், 4,478 மீட்டர். 1865-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயரின் குழு முதன்முதலாக அதன் உச்சியை மிதித்தது. ஏறியவர் எழுவர். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். அந்தத் துயரச் செய்தியே ஊரை உலகறியச் செய்தது என்பது விந்தைதான்.

அந்நாளில் சுற்றுலா என்றால் கோடைக்காலம் மட்டுமே. குளிர்காலத்தில் மலைவாசிகள் மாட்டைத் தொழுவத்தில் கட்டிவிட்டு அடுப்பருகே அமர்ந்திருப்பார்கள். 1864-இல் செயின்ட் மோரிட்ஸ் என்ற ஊரில் ஹோட்டல் நடத்திய யோஹான்னஸ் பாட்ரூட் என்பவர், தம் ஆங்கிலேய விருந்தினரிடம், "குளிர்காலத்தில் வந்து பாருங்கள், வெயில் அடிக்காவிட்டால் வழிச்செலவை நான் தருகிறேன்" என்று பந்தயம் கட்டியதாக ஒரு கதை உண்டு. வந்தவர்கள் வெயிலில் கறுத்துத் திரும்பினார்களாம். கதை எப்படியாயினும், குளிர்காலத்தை விற்கலாம் என்பதை அவ்வூர் கண்டுகொண்டது. செர்மாட் ஹோட்டல்கள் குளிர்காலத்திலும் கதவு திறக்க 1920-களின் கடைசி வரை ஆயிற்று. 1934-இல் டாவோஸ் என்ற ஊரில், சறுக்குபவர்களை இழுத்து மேலே கொண்டுபோகும் கம்பி இயந்திரம் வந்தது. நாளெல்லாம் வியர்க்க ஏறி ஒரு முறை சறுக்கிய காலம் போய், ஒரே நாளில் பத்து இருபது முறை சறுக்கும் காலம் பிறந்தது. சறுக்குபவர் பெருகினர், அவர்களுக்குச் சமைக்கவும் படுக்கை விரிக்கவும் ஆள் தேவைப்பட்டது. அந்த 1934-ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

விடியுமுன் தொடங்கும் நாள்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஐந்து மாதம். இதுவே 'சீசன்'. இதற்குள் சம்பாதித்தால்தான் உண்டு.

இரவு முழுதும் மலைமேல் விளக்குகள் ஊர்ந்துகொண்டிருப்பதைக் கீழிருந்து காணலாம். அவை சங்கிலிச் சக்கரம் பூட்டிய பெரிய இயந்திரங்கள். பகலில் ஆயிரக்கணக்கான கால்கள் உழுதுபோட்ட பனியை அவை மீண்டும் சமன் செய்கின்றன. செங்குத்தான சரிவுகளில் அந்த வண்டி தானாக ஏறாது. மேலே ஒரு நங்கூரத்தில் இரும்பு வடத்தைக் கட்டி, அதைச் சுருட்டிக்கொண்டே ஏறவேண்டும். இரும்பு வடம் இருட்டில் விறைத்து நிற்கும். ஓட்டுநர் இரவெல்லாம் ஒற்றை ஆளாய் உட்கார்ந்திருப்பார். துணை என்றால் வானொலிதான்.

பனி போதாத இடங்களில் செயற்கைப் பனி. நீரையும் அழுத்தமேற்றிய காற்றையும் சேர்த்துப் பீய்ச்சினால், துளிகள் நிலத்தில் விழுமுன் உறைந்துவிடும். குளிர் போதுமான அளவு இருந்தால்தான் இது நடக்கும். எனவே அந்த வேலையாட்களும் இரவுப்பறவைகளே.

விடிகாலையில் பனிக்காவலர் புறப்படுகிறார்கள். இரவில் விழுந்த புதுப்பனி சரிவில் நிலையாகத் தங்கியிருக்கிறதா, சரியக் காத்திருக்கிறதா என்று பார்த்து, ஆபத்தானதை வெடி வைத்து முன்கூட்டியே சரியவிடுவார்கள். அந்த வெடிச் சத்தந்தான் ஊருக்குக் கோழி கூவுவது.

கீழே ஹோட்டலில் சமையற்கட்டு விழித்துவிட்டது. ரொட்டி, முட்டை, காப்பி. விருந்தினர் உண்டு முடித்து மலைக்குப் போனதும் அறைப் பணிப்பெண்கள் நுழைகிறார்கள். ஈரக் காலுறைகள், தரைவிரிப்பில் உருகிய பனி, குளியலறையில் குவிந்த துண்டுகள். சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு வாரம் தங்கியவர் காலையில் போவார். அடுத்த வாரத்துக்காரர் மாலையில் வந்து நிற்பார். இடையிலுள்ள சில மணி நேரத்தில் ஹோட்டல் முழுவதும் புதிதாகவேண்டும். வேலையாட்கள் மிகவும் வெறுக்கும் நாள் அது.

ஆனால் என் எண்ணத்தில், அங்குள்ள வேலைகளிலே மிகக் கடினமானது பாத்திரம் கழுவுவதுதான். வெளியே உறைபனி, உள்ளே நீராவி. எட்டு மணி நேரம் வெந்நீரில் கையை வைத்தவன் பின்கதவைத் திறந்து குப்பை கொட்டப் போகையில், ஈரத்தலை விறைத்துப்போகும். கை வெடித்து இரத்தம் கசியும். கம்பி வண்டி நிலையத்தில் நிற்பவனுக்கோ நேர்மாறான துன்பம். நாள் முழுதும் நின்ற இடத்தில் நின்று, வருகிறவர்களை இருக்கையில் ஏற்றி, அன்றாடம் ஆயிரம் பேருக்கு வணக்கம் சொல்லவேண்டும். குளிர் காலணிக்குள் புகுந்து கால்விரலைக் கடிக்கும். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் முகத்தைக் கருக்கும். கறுப்புக் கண்ணாடி போடாவிட்டால் கண் எரிந்து நீர் கொட்டும். குளிரில் வெயில் சுடுமா என்று கேட்காதீர்கள். நம் கடற்கரை வெயிலைவிட மோசமாகச் சுடும்!

பிற்பகல் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே ஹோட்டல்காரர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. ஜெர்மன் மொழி பேசும் இடங்களில் இதற்கு 'அறை நேரம்' என்றே பெயர். ஆனால் இளைஞர்கள் அறைக்குப் போவதில்லை. சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடுகிறார்கள். பெரும்பணக்காரர் ஒரு வாரம் அனுபவிக்கும் மலையை அவர்கள் ஐந்து மாதம் அனுபவிக்கிறார்கள். பலர் இந்தப் பிழைப்பைத் தேடி வருவதே இந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் என்றால் மிகையாகாது. மாலையில் மீண்டும் வெள்ளைச் சட்டை. இரவு பத்து பதினொரு மணி வரை நிற்கவேண்டும்.

பணமும் படுக்கையும்

சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். சுவிஸ் ஹோட்டல் தொழிலில் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட நாடு தழுவிய ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி, தொழிற்பயிற்சி இல்லாத ஆளுக்கும் மாதம் 3,600 பிராங்குக்கு மேல் தரவேண்டும். சீசன் ஹோட்டல்களில் வாரத்துக்கு 43.5 மணி நேர வேலை, வாரம் இரண்டு நாள் ஓய்வு, ஆண்டுக்கு ஐந்து வார விடுமுறைக் கணக்கு, பதின்மூன்றாம் மாதச் சம்பளம் எல்லாம் உண்டு. ஒரு பிராங்கு ஏறத்தாழ ஐந்து வெள்ளி. கணக்குப் போட்டால் பதினெட்டாயிரம் வெள்ளி! வாயைப் பிளக்காதீர்கள், கழித்தலும் இருக்கிறது. ஹோட்டலே உண்ணவும் உறங்கவும் இடம் தந்தால், அதற்கான மதிப்பு நாளொன்றுக்கு 33 பிராங்கு. அதாவது மாதம் 990. காப்புறுதி, வரி தனி. கடையில் ஒரு கோப்பைக் காப்பி ஐந்து பிராங்கு. கையில் மிஞ்சுவதை ஊருக்கு அனுப்புகிறவன் வெளியே காப்பி குடிக்கமாட்டான்.

படுக்கையோ பெரும் பிரச்சினை. மலையில் கட்ட நிலம் குறைவு. இருக்கிற நிலத்தில் விருந்தினருக்கும் விடுமுறை வீடு வாங்குபவருக்கும் கட்டினால்தான் காசு. அதனால் வேலையாட்கள் இருவர் மூவராக ஓர் அறையில், சில இடங்களில் நிலத்தடி அறையிலும் தங்குகிறார்கள். பலர் டாஷ் போன்ற கீழூர்களில் தங்கி ரயிலில் வந்து போகிறார்கள். பிரான்சின் கூர்ஷவெல், பெரும் பணக்காரர் கூடும் ஊர். அங்கே 2019 ஜனவரி 20-ஆம் நாள் விடிகாலையில், சீசன் தொழிலாளர் தங்கியிருந்த பழைய கட்டிடம் தீப்பற்றியது. சன்னல் வழியே குதித்தவர்கள் கைகால் ஒடிந்தனர். இருவர் இறந்தனர்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்து மக்கள் சுவிட்சர்லாந்தில் இவ்வேலைகளுக்குத் தடையின்றி வரலாம். நம்மைப் போன்ற வெளிநாட்டாருக்கு, தனித் தேர்ச்சி பெற்ற நிபுணர், ஹோட்டல் கல்லூரிப் பயிற்சி மாணவர் என்று குறுகிய வாசல்களே உண்டு. "சுவிஸ் ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலை, பெர்மிட் தயார், ஐயாயிரம் வெள்ளி கட்டு" என்று எந்த ஏஜெண்டாவது வந்தால், பணப்பையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை எமன்

பனிச்சரிவைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை முடியாது. 1970 பிப்ரவரி 10-ஆம் நாள், பிரான்சின் வால் தீஸேர் ஊரில் இளைஞர் விடுதியொன்றில் காலை உணவு நேரம். மலையிலிருந்து இறங்கிய பனி சன்னல்களை உடைத்துக்கொண்டு உணவுக்கூடத்தில் புகுந்தது. 39 பேர் மடிந்தனர். 1999 பிப்ரவரி 23-இல் ஆஸ்திரியாவின் கால்டூர் கிராமத்தில் 31 பேர். மறுநாள் அதே பள்ளத்தாக்கில் இன்னும் எழுவர். பனிக்குள் புதைந்தவனைப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் பிழைப்பான். அதற்குப் பிறகு நம்பிக்கை விரைந்து குறைகிறது. ஆகவே பனிக்காவலர் எப்போதும் மூன்று பொருள் சுமப்பர்: சமிக்ஞை அனுப்பும் கருவி, நீண்ட குத்துக்கோல், மண்வெட்டி. டாவோசிலுள்ள பனி ஆராய்ச்சி நிலையம் குளிர்காலத்தில் நாள்தோறும் அபாய அறிக்கை வெளியிடுகிறது. அபாயம் ஐந்து படிகள். 2018 ஜனவரியில் செர்மாட் வட்டாரத்தில் அது ஐந்தாம் படியைத் தொட்டது. சாலையும் ரயிலும் அடைபட்டு, சுமார் 13,000 பயணிகள் ஊருக்குள் சிக்கிக்கொண்டனர். சிலர் ஹெலிகாப்டரில் வெளியேறினர். மற்றவர்களுக்கு யார் சமைத்திருப்பார்கள், யார் பனி வாரியிருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

அலமாரிக்குள் வளர்ந்த பிள்ளைகள்

இனி அந்த 1934-க்கு வருவோம். அவ்வாண்டு முதல் 2002 வரை சுவிட்சர்லாந்தில் 'சீசன் தொழிலாளர் சட்டம்' நடைமுறையில் இருந்தது. கட்டிடம், ஹோட்டல், பண்ணை வேலைகளுக்கு இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், யுகோஸ்லாவியா நாடுகளிலிருந்து ஆள் எடுத்தார்கள். ஆண்டில் அதிகம் போனால் ஒன்பது மாதம் இருக்கலாம். பிறகு நாட்டை விட்டுப் போய் மூன்று மாதம் கழித்தே திரும்பலாம். இடையில் முதலாளியை மாற்ற முடியாது. எல்லையில் ரயிலை விட்டு இறக்கி, ஆடை களைந்து, மருத்துவச் சோதனை. நான்கு ஆண்டு தொடர்ந்து வந்து மொத்தம் 36 மாதம் வேலை செய்து காட்டினால் ஆண்டு முழுதும் தங்கும் அனுமதி கேட்கலாம் என்று பிற்காலத்தில் விதி தளர்ந்தது. சில நாள் குறைந்தாலும் கணக்கு மீண்டும் முதலிலிருந்து. ஐந்து மாத ஹோட்டல் சீசனை மட்டும் நம்பியவனுக்கு அந்தக் கணக்கு எப்போது நிறையும்?

எல்லாவற்றிலும் கொடியது வேறொன்று. குடும்பத்தை அழைத்து வரக்கூடாது. மனைவியும் அதே அனுமதியில் வேலைக்கு வரலாம், பிள்ளை வரக்கூடாது. பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? சிலர் பாட்டியிடம் விட்டார்கள். சிலர் எல்லைக்கு அப்பால், இத்தாலியப் பக்கத்து விடுதிகளில் விட்டார்கள். மனம் கேளாத பலர் பிள்ளையை ஒளித்துக் கொண்டு வந்தார்கள். காலையில் தாய் வேலைக்குப் போகுமுன், "சத்தம் போடாதே, சன்னல் பக்கம் போகாதே, யார் தட்டினாலும் திறக்காதே" என்று சொல்லிப் பூட்டிவிட்டுப் போவாள். போலீசார் வந்தால் கட்டிலுக்கடியில், அலமாரிக்குள். ஜெர்மன் மொழியில் இவர்களுக்கு 'அலமாரிப் பிள்ளைகள்' என்றே பெயர் விழுந்துவிட்டது. பல ஆயிரம் பேர் இப்படி வளர்ந்தார்கள். அயல்வீட்டான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடும்பத்துக்கே வெளியேற்றம். சிரிக்காமல் விளையாடவும் அழாமல் விழவும் பழகிய குழந்தைகள் அவர்கள்.

ஆறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி கிடையாது என்பதை, வகுப்பில் இருபது ஆண்டுக்கு மேல் நின்ற என்னால் எளிதில் விழுங்க முடியவில்லை. நம் தோட்டப் பள்ளிகளில் கூரை ஒழுகியது, மேசை ஆடியது, ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைப் பார்த்தார். ஆனாலும் மணி அடித்தால் பிள்ளை வெளிச்சத்தில் நடந்து வந்தது. அங்கே, உலகத்தின் செல்வ நாடொன்றில், பள்ளிக்கூடச் சத்தம் காதில் விழும் தூரத்தில் பிள்ளை பூட்டிக் கிடந்தது. சில ஊர்களில் நல்லுள்ளம் படைத்த சுவிஸ் ஆசிரியர்கள் இப்பிள்ளைகளுக்காக மறைவான வகுப்புகள் நடத்தினார்கள். பிறகு ஒவ்வொரு மாநிலமாக, 'ஆவணம் கேளாமல் சேர்த்துக்கொள்' என்ற நிலைக்கு வந்தது. 1997-இல் அந்நாடு குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த ஒப்பந்தத்தால் 2002-இல் பழைய சட்டம் ஒழிந்தது.

நாட்டில் எதிர்ப்பும் இல்லாமலில்லை. எதிர்ப்பு என்றால், வந்தவர்களுக்கு எதிர்ப்பு! வெளிநாட்டார் தொகையைக் குறைக்கவேண்டும் என்று ஷ்வார்ட்சன்பாக் என்ற அரசியல்வாதி கொண்டுவந்த தீர்மானம் 1970 ஜூன் 7-ஆம் நாள் வாக்கெடுப்புக்குப் போயிற்று. வாக்களித்த ஆண்களில் 54 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். பெண்களுக்கு அந்நாட்டு மத்திய வாக்குரிமை அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. அன்று ஒளிந்திருந்த பிள்ளைகள் இன்று ஐம்பது அறுபது வயதுக்காரர்கள். அவர்கள் சங்கம் அமைத்து, நடந்ததை அரசு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று கோருகிறார்கள்.

இன்று யார்?

இன்றைய செர்மாட்டில் வெளிநாட்டாரில் மிகப் பெரிய கூட்டம் போர்த்துக்கீசியர். முதலில் ஒரு சீசனுக்கு வந்தவர்கள்; இப்போது குடும்பத்தோடு இருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போய் ஜெர்மன் படிக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழரும் சுவிஸ் உணவகச் சமையற்கட்டுகளில் பல்லாண்டு உழைத்தவர்கள்; பாத்திரம் கழுவத் தொடங்கிச் சமையற்காரராக உயர்ந்தவர் அநேகர். பிரான்ஸ் பக்கத்து மரவீடுகளில் விருந்தினருக்குக் காலை உணவும் மாலைக் கேக்கும் இரவு விருந்தும் சமைத்துக் கொடுத்த ஆங்கிலேய இளைஞர் கூட்டம், பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 முதல் விசாவின்றி வேலை செய்ய முடியாமல் சுருங்கிவிட்டது.

சீசன் பிழைப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2020 காட்டியது. மார்ச் 13-ஆம் நாள், கொரோனா பரவிய ஆஸ்திரியாவின் இஷ்கல் பள்ளத்தாக்கை அரசு மூடியது. விருந்தினர் சில மணி நேரத்தில் கார்களில் பறந்தனர். சுற்றுவட்டார நாடுகளிலும் மலைகள் மூடப்பட்டன. ஏப்ரல் வரை சம்பளத்தை எண்ணி வந்தவர்களுக்கு மார்ச் நடுவிலேயே சீசன் முடிந்தது.

நோய் போய்விட்டது, வெப்பம் போகவில்லை. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தங்கள் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. 1,500 மீட்டருக்குக் கீழுள்ள ஊர்களில் கிறிஸ்துமஸ் வந்தும் புல் தெரியும் ஆண்டுகள் அதிகரிக்கின்றன. பனி தாமதமானால் வேலைக்கு அழைப்பும் தாமதமாகும். மேலே 3,883 மீட்டர் வரை கம்பி வண்டி ஓடும் செர்மாட்டுக்கு இன்னும் தைரியம் இருக்கிறது. அங்கே பனியாற்றின்மேல் கோடையிலும் சறுக்குகிறார்கள். அந்தத் தைரியம் தாழ்ந்த ஊர்களுக்கு இல்லை.

ஏப்ரல் பிற்பகுதியில் கூரைகளிலிருந்து நீர் சொட்டத் தொடங்கும். தெருவில் ஐந்து மாதமாய்ப் புதைந்து கிடந்த ஒற்றைக் கையுறைகள் வெளிவரும். ஹோட்டல் ஒவ்வொன்றாகச் சன்னல் பலகையைச் சாத்தும். வேலையாள் கடைசிச் சம்பளச் சீட்டை வாங்கி, சீருடையைத் துவைத்துக் கொடுத்து, அறைச் சாவியை ஒப்படைக்கவேண்டும். சிலர் கோடைக்கு ஏரிக்கரை ஹோட்டல்களில் இடம் பிடித்திருப்பார்கள். சிலர் ஊருக்குப் போய், வளர்ந்துவிட்ட பிள்ளைக்குப் புதுச் சட்டை அளவெடுப்பார்கள். நல்ல முதலாளி வாய்த்தவர்களின் பெட்டியில் அடுத்த டிசம்பருக்கான ஒப்பந்தத் தாளும் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.